மறுத்துவிட்டார் என்று எழுதியிருந்தார்கள்

திருக்கை முள் குத்துவது எங்கள் ஊரான தோணிரேவில் பெரிய செய்தி இல்லை. பழவேற்காட்டு ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் காலைத் தூக்கி வைக்க மாட்டார்கள். தேய்த்துத் தேய்த்துத்தான் நகர்வார்கள். சேற்றில் புதைந்து கிடக்கும் திருக்கை கால் உரசினால் விலகிப் போய்விடும். மேலே மிதித்தால்தான் வாலைச் சுழற்றும். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத தரையில் விரல்களாலேயே பார்த்து நடக்கும் வேலை அது. அம்மா சின்ன வயதிலிருந்து அதைச் செய்தவள். 2021 ஐப்பசியில், மழைத் தண்ணீர் வந்து ஏரி கலங்கிக் கிடந்த ஒரு காலையில், அவள் வலது கால் திருக்கையின் மேல் விழுந்தது.

கூட இருந்த பெண்கள் கரைக்குத் தூக்கி வந்து, தாங்குகிற சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை அதில் அமிழ்த்தினார்கள். அது சரியான வைத்தியம் என்று பிறகு சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் சொன்னார். திருக்கையின் விஷம் புரதம், சூட்டில் அதன் வீரியம் குறையும். ஆனால் விஷத்தைவிட முள்ளுக்குத்தான் அஞ்ச வேண்டும். அதன் இரண்டு ஓரத்திலும் பின்னோக்கிச் சாய்ந்த ரம்பப் பற்கள். உள்ளே போகும்போது வழுக்கிக்கொண்டு போகும், வெளியே வரும்போது சதையைக் கிழிக்கும், சில சமயம் ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும்.

பழவேற்காட்டு அரசு ஆஸ்பத்திரியில் டி.டி. ஊசி போட்டு, காயத்தைக் கழுவிக் கட்டு போட்டார்கள். ஓ.பி. சீட்டில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, "எக்ஸ்ரே பாத்துடுங்கம்மா, முள்ளு உள்ள இருக்கப் போகுது" என்று அந்த சிஸ்டர் வாயாலும் சொன்னார். அந்தச் சீட்டோடுதான் அம்மாவை டவுனில் உள்ள ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனோம். அங்கே சீட்டை வாங்கிப் பார்த்தார்கள், திருப்பிக் கொடுத்தார்கள், காயத்தைத் தைத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை, சர்க்கரை பார்க்கவில்லை. தம்பி 4,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பினான். பில் கேட்டதற்கு, தையல் பிரிக்க வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள்.

கால் வீங்கியது. மறுபடி போனோம். தண்ணீரில் நின்று பழகிய கால் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக் கட்டை மாற்றி, மாத்திரையை மாற்றி அனுப்பினார்கள். கட்டைப் பிரிக்காமலேயே வாடை வர ஆரம்பித்த அன்று இரவு, காய்ச்சலில் அம்மா யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினாள். 108 வண்டி ஸ்டான்லிக்குக் கொண்டுபோனது. அங்கே முதலில் எடுத்த படத்திலேயே ஒடிந்த முள் தெரிந்தது. சர்க்கரையும் ஏறிக் கிடந்தது. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூன்று விரல்களையும் பாதத்தின் ஓரத்தையும் எடுத்தார்கள். உயிரையும் மீதிக் காலையும் காப்பாற்றியவர்கள் அங்கே தூக்கமில்லாமல் நின்ற இளம் டாக்டர்கள். இந்தக் கட்டுரையில் டாக்டர்களைக் குறித்துப் பொதுவாக ஒரு கசப்பான சொல்கூட வரக் கூடாது என்று எனக்கு இருக்கும் பிடிவாதம் அவர்களால் வந்தது.

ஊரில் பையன்கள் நர்சிங் ஹோமை உடைக்கக் கிளம்பினார்கள். தடுத்தவர் மாமா. மருத்துவமனைகளைத் தாக்குவோருக்கென்று தமிழ்நாட்டில் 2008-இல் கொண்டுவந்த சட்டத்தில் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை உண்டு. மாமாவுக்குச் சட்டத்தின் பெயர் தெரியாது. "கண்ணாடிய உடைச்சா நம்ம புள்ளைங்க உள்ள போவும், அவங்க வெளிய நிப்பாங்க" என்றார். அது போதுமானதாக இருந்தது.

பிறகு போலீஸ் ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் மரியாதையாகவே பேசினார். டாக்டர் மேல் நேரடியாக வழக்குப் போட முடியாதும்மா, சுப்ரீம் கோர்ட் உத்தரவு இருக்கிறது என்றார். அன்று அது தட்டிக்கழிப்பதாகத் தோன்றியது. உண்மையில் அப்படி ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005 ஆகஸ்ட் 5 அன்று வந்தது. டாக்டரைக் குற்றவாளியாக்க வேண்டுமானால் சாதாரணக் கவனக்குறைவு போதாது, மிகக் கொடிய அலட்சியமாக இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், அந்தத் துறை தெரிந்த, முடிந்தவரை அரசுப் பணியில் உள்ள இன்னொரு டாக்டரின் பாரபட்சமற்ற கருத்தைப் போலீஸ் வாங்க வேண்டும். சிகிச்சை தோற்றது என்பதாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது என்றும் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு இறப்புக்கும் கைது என்றால், சிக்கலான நோயாளியைத் தொடவே டாக்டர்கள் பயப்படுவார்கள். அதை நான் ஏற்கிறேன். ஆனால் குற்ற வழக்கு மட்டுமே சட்டம் இல்லை, நஷ்ட ஈட்டுக்கு வேறு வாசல் இருக்கிறது என்பதை அந்த ஸ்டேஷனில் யாரும் சொல்லவில்லை. ஒரு வரி சொல்லியிருந்தால் எங்களுக்குப் பல மாதம் மிச்சமாகியிருக்கும்.

அந்த மாதங்களில் நடந்தது பேச்சுவார்த்தை. எங்கள் குப்பங்களில் வலைத் தகராறு, எல்லைத் தகராறு, கல்யாணத் தகராறு எல்லாம் ஊர்க் கூட்டத்தில் முடியும். பெரியவர்கள் உட்கார்ந்து பேசினால் ஒரு நியாயம் வரும் என்ற நம்பிக்கை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் ஊர்க் கூட்டத்துக்கு இரு தரப்பும் ஊருக்குள் வாழ வேண்டும், நாளைக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டும். நர்சிங் ஹோமுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தரப்பில் வந்த ஆள் ஒரு தொகை சொன்னார். வாங்கிக்கொண்டு, இனி எந்தப் புகாரும் இல்லை என்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். கடன் ஏறிக் கிடந்த வீடு எங்களுடையது. அப்பா தலையாட்டிவிட்டார்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "எனக்கு இன்னா பண்ணாங்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. அத வாங்கிக்கினு கையெழுத்து போடறேன்."

எழுதித் தர முடியாது என்றார்கள். பேச்சு அங்கேயே நின்றது.

டவுனில் நாங்கள் பார்த்த முதல் வக்கீல், வருவதில் கால் பங்கு தனக்கு என்று சொல்லி வக்காலத்தை நீட்டினார். ஜெயித்தால் பங்கு என்று பேசி வழக்கு எடுப்பது வழக்கறிஞர் கவுன்சில் விதிப்படி கூடாத காரியம். அதைச் சொன்னவர் எங்களுக்குப் பிறகு வாய்த்த வக்கீல். பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது என்பதைக் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அந்த வளாகத்தைத் தாண்டித்தான் பல வருஷம் கல்லூரிக்குப் போயிருக்கிறேன். 1987-இல் வந்த சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில் இலவச வக்கீல் யார் யாருக்கு என்று பட்டியல் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் பெண்களும் இருக்கிறார்கள். எந்தப் பெண்ணும், என்ன வருமானம் இருந்தாலும். அம்மா பெண் என்பதே தகுதி. வருமானச் சான்றுக்கு அலைய வேண்டியதில்லை. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்கிறார்கள்.

எங்களுக்கு ஒதுக்கப்பட்ட வழக்கறிஞர் ஒரு பெண். மேடம் அம்மாவின் காலை முதலில் பார்க்கவில்லை. "என்ன பேப்பர் இருக்கு?" என்றார். ரேஷன் கார்டு வைக்கிற மஞ்சள் பையில் இருந்து அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஸ்டான்லியின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே படம், மருந்துக்கடை ரசீதுகள், பழவேற்காட்டு ஓ.பி. சீட்டு. மேடம் அந்த ஓ.பி. சீட்டை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவும் என்று அதில் எழுதியிருந்தது. மீன் வாடை ஏறிய அந்தத் துண்டுக் காகிதம்தான் வழக்கின் முதுகெலும்பாகப் போகிறது என்று அப்போது நாங்கள் நினைக்கவில்லை.

நர்சிங் ஹோமிடமிருந்து கேஸ் ஷீட் வாங்குவது முதல் வேலை. நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. உள்நோயாளிகளின் பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். இது எத்தனை பேருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரி வரவேற்பறைகளில் எத்தனையோ பலகைகள் தொங்குகின்றன, இந்த ஒரு வரியை எங்கும் நான் பார்த்ததில்லை. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால் அனுப்பினோம். கெடு தாண்டிப் போனது. மேடத்தின் நோட்டீஸ் போன பிறகுதான் நகல் வந்தது.

அதில் தையல் போட்ட விவரத்துக்குக் கீழே, வேறு மையில் ஒரு வரி இருந்தது. எக்ஸ்ரே எடுக்க அறிவுறுத்தப்பட்டது, நோயாளி மறுத்துவிட்டார்.

நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். எழுந்து உட்கார்ந்தாள். கால் போனதற்கு அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. "நான் மறுத்தேனா? சீட்ட கையில வச்சிக்கினு போனவ மறுப்பேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். யாரிடம் கேட்கிறாள் என்று தெரியாமல் நாங்கள் நின்றோம். அதுவரை வழக்கு வேண்டாம் என்று இருந்த அப்பா அந்த இரவுதான் மாறினார். பணம் கொடுத்து முடித்திருந்தால்கூட எங்கள் வீட்டில் ஆறியிருக்கலாம். தன்மேல் எழுதப்பட்ட பொய்யோடு அவளால் இருக்க முடியவில்லை.

திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுப் போட்டோம். பலசரக்குக் கடையில் எடை குறைந்தால் போகிற இடம் என்றுதான் நுகர்வோர் கோர்ட்டை நான் நினைத்திருந்தேன். டாக்டர்கள் அதற்குள் வருவார்களா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. வர மாட்டார்கள் என்று 1994-இல் தீர்ப்புச் சொன்னது நம்முடைய சென்னை உயர் நீதிமன்றம்தான். அதை மாற்றி, காசு வாங்கிக்கொண்டு செய்கிற மருத்துவம் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995 நவம்பர் 13 அன்று சாந்தா வழக்கில் சொன்னது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடம் அதில் சேராது. சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடமானால், இலவசமாகப் போனவரும் கேட்கலாம். ஆகவே நாங்கள் காசு கொடுத்தோம் என்று காட்ட வேண்டியிருந்தது. பில் இல்லை. தம்பியின் போனில் இருந்த ஜிபே பதிவு கை கொடுத்தது. இப்போதைய சட்டம் 2019-இல் வந்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம் என்கிறது சட்டம். சொல்ல எளிது. மேடம் இல்லாமல் நாங்கள் முதல் வாய்தாவையே தாண்டியிருக்க மாட்டோம்.

எங்கள் மாவட்டத் தலைநகரம் திருவள்ளூர். ஆனால் பொன்னேரியிலிருந்து ரயிலில் போவதென்றால் சென்னை வரை வந்து, வேறு பாதையில் வண்டி மாறித் திரும்பவும் மேற்கே போக வேண்டும். பஸ்ஸில் போனால் செங்குன்றத்தில் இறங்கி ஏற வேண்டும். கால் ஊனமான ஒருத்திக்கு நீதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை அந்தப் பஸ் படிக்கட்டுகளில் நான் பார்த்தேன். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்பதற்காகவே தள்ளிப்போன வாய்தாக்கள் உண்டு. அன்றைக்கெல்லாம் அப்பாவுக்கு ஏரி இல்லை.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெயரை மட்டும் எழுதுவாள். நிரூபண வாக்குமூலத்தை மேடம் தமிழில் எழுதி, வரிவரியாகப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் அம்மா நிறுத்தினாள். திருக்கை "தாக்கியது" என்று எழுதியிருந்தது. "அது தாக்கல. நான் மிதிச்சேன்" என்றாள். மாற்றினார்கள். தன்மேல் பொய் எழுதியதற்காக வழக்குப் போட்டவள், ஒரு மீன்மேலும் பொய் எழுத விடவில்லை.

நிபுணர் கருத்து இல்லாமல் எப்படி என்று எதிர்த்தரப்பு கேட்டது. எல்லா வழக்கிலும் அது கட்டாயமில்லை, செய்த தவறு பார்த்தாலே தெரியும்படி இருந்தால் அதுவே பேசும் என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேடம் அதைக் காட்டினார். பிறகு நோயாளி மறுத்தார் என்ற வரிக்கு வந்தார். மறுத்தால் அவர் கையெழுத்து எங்கே? தையலுக்குச் சம்மதம் என்று வாங்கிய கையெழுத்து அதே தாளில் இருக்கிறது. பெயர் எழுதத் தெரிந்தவளிடம் மறுப்புக்கு ஏன் கையெழுத்து வாங்கவில்லை? எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன சீட்டோடு வந்தவள் ஏன் மறுக்க வேண்டும்? ஸ்டான்லியின் டிஸ்சார்ஜ் சம்மரியில், உள்ளே தங்கிய முள் என்று தெளிவாக இருந்தது.

இந்த இடத்தில் இன்னொரு வழக்கைச் சொல்ல வேண்டும், மேடம்தான் எனக்கு அதைப் படிக்கக் கொடுத்தார். 1996-இல் எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கும் குழந்தைகளின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். செய்யவில்லை, பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. குழந்தை பார்வை இழந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. குழந்தையின் அப்பா அதோடு விடவில்லை. உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று 1 கோடியே 38 லட்சமும், அதுவரை ஆன மருத்துவச் செலவுக்கு 42,87,921 ரூபாயும் கொடுக்கச் சொன்னது. பெரும்பகுதியை ஏற்க வேண்டியது தமிழக அரசு. தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. எடுக்காமல் விட்ட ஒரு பரிசோதனை என்பதில் எங்கள் வழக்குக்கும் அதற்கும் உறவு உண்டு. அந்த அப்பா எத்தனை படிக்கட்டு ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் பல வாய்தாக்களுக்குப் போனேன்.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது அம்மாவின் வருமானம். மாதம் எவ்வளவு என்ற கேள்விக்கு எங்களிடம் காகிதம் இல்லை. ஏரிக்கு முறை வைத்து மீன் பிடிக்கும் பாடு நாள் உண்டு, மழை நாள் உண்டு, ஒன்றும் கிடைக்காத நாள் உண்டு. இறால் வாங்குகிற வியாபாரியின் நோட்டு ஒன்றுதான் கணக்கு. அதைப் புரட்டினால் எங்கும் அம்மா பெயர் இல்லை. அவள் தடவிப் பிடித்த இறால் அத்தனையும் அப்பா பெயரில் வரவாகியிருந்தது. தண்ணீரில் நின்றவள் அவள், நோட்டில் நின்றவர் அவர். எதிர்த்தரப்பு வக்கீல் அவளை வருமானம் இல்லாத இல்லத்தரசி என்றார். இல்லத்தரசிக்கும் விலை உண்டு என்று 1989 ஜாம்ஷெட்பூர் தீ விபத்து வழக்கில் 2001-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லி, மாதம் 3,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில், வீட்டுவேலைக்கு மதிப்பிடுவது அந்தப் பெண்களின் உழைப்பையும் தியாகத்தையும் அங்கீகரிப்பது என்றும் சொன்னது. மேடம் இவற்றையும் வைத்தார், வியாபாரியிடமும் கடிதம் வாங்கினார். அண்ணன் பேரில் எழுதியது அண்ணி கொண்டுவந்த சரக்கு என்று அவர் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதற்கு அவரை ஒப்புக்கொள்ளச் செய்ய அப்பா போகவில்லை, அம்மாவே கம்பை ஊன்றிக்கொண்டு போனாள்.

உத்தரவு எங்கள் பக்கம் வந்தது. கேட்டதில் பாதிக்கும் குறைவுதான். தொகையை எழுத வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். எக்ஸ்ரே எடுக்காதது சேவைக் குறைபாடு, நோயாளி மறுத்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அதில் இருந்தது. அந்த இரண்டாவது வரியை அவள் என்னைப் பலமுறை படிக்கச் சொன்னாள். மேல்முறையீட்டுக்கு மாநில ஆணையம் போக வேண்டுமானால் பாதித் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்பது 2019 சட்டத்தின் விதி. அவர்கள் போகவில்லை, காசோலை வந்தது. கடன் அடைந்தது. மீதியில் பாதத்துக்கேற்ற செருப்பும், வீட்டு வாசலில் கருவாடு விற்கச் சிறு கொட்டகையும். ஏரியில் இனி அவள் இறங்க முடியாது.

வியாபாரியின் நோட்டில் இப்போது எங்கள் தெருப் பெண்கள் தங்கள் பெயரில்தான் வரவு வைக்கச் சொல்கிறார்கள். சிலர் வீட்டில் அதற்குச் சண்டையும் நடந்தது.

காயத்தோடும் காகிதத்தோடும் பெண்கள் அம்மாவைத் தேடி வருகிறார்கள். அம்மா முதலில் கேட்பது கேஸ் ஷீட், அடுத்துத் தேதி. போன மாதம் பக்கத்துக் குப்பத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தியின் விஷயம் 2 ஆண்டுக்குள் இருக்கிறது, மனு தயாராகிறது. இன்னொருத்திக்குப் பிரசவத்தில் நேர்ந்தது, 3 ஆண்டு தாண்டிவிட்டது. அதுவரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. போதிய காரணம் காட்டினால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம் என்று 2019 சட்டத்தின் 69-வது பிரிவில் இடம் இருக்கிறது. கூலிக்குப் போகிற, கைக்குழந்தையோடு இருந்த, எங்கே போக வேண்டும் என்று தெரியாத ஒருத்திக்கு அந்தத் தெரியாமையே போதிய காரணம் ஆகுமா என்று மேடத்திடம் கேட்டேன். வாதாடிப் பார்க்கலாம் என்றார். மனுப் போட்டாயிற்று, வாய்தா தேதிக்குக் காத்திருக்கிறோம்.